யாருக்காக அழுதாரோ அவரே எழுதிய ஆறுதல்

கி.பி. 41ஆம் ஆண்டில் ரோமாபுரியின் செனட் சபை தன் உறுப்பினர்களில் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. பேரரசர் கிளாடியஸ் குறுக்கிட்டு அதை நாடுகடத்தலாகக் குறைத்தார். அந்த உறுப்பினர் லூசியஸ் அன்னேயஸ் செனெக்கா. ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்தவர், பேர்பெற்ற பேச்சாளர், ஸ்டோயிக் தத்துவத்தில் ஊறியவர். முந்தைய பேரரசர் கலிகுலாவின் தங்கை யூலியா லிவில்லாவுடன் தகாத உறவு வைத்திருந்தார் என்பது அவர்மேல் குற்றச்சாட்டு. கிளாடியஸின் மனைவி மெஸ்ஸலினா, லிவில்லாவை ஒழித்துக்கட்டப் பின்னிய வலை அது என்கிறார்கள் பழைய வரலாற்றாசிரியர்கள். லிவில்லாவை ஒரு தீவுக்கு அனுப்பி, கொஞ்ச காலத்தில் கொன்றும்விட்டார்கள். செனெக்கா கோர்சிகா தீவுக்குக் கப்பலேறினார். நாற்பதைத் தாண்டிய வயது. திரும்பி வர எட்டு ஆண்டுகள் ஆயின.

அங்கிருந்து தன் தாய் ஹெல்வியாவுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. 20 சிறிய அத்தியாயங்கள். துக்கம் விசாரித்து எழுதும் வழக்கம் கிரேக்கர்களிடமும் ரோமர்களிடமும் அதற்கு முன்பே முந்நூறு ஆண்டுகளாக இருந்தது. அப்படிப்பட்ட நூல்களையெல்லாம் புரட்டிப் பார்த்ததாகவும், யாருக்காகக் குடும்பம் அழுகிறதோ அவரே குடும்பத்தைத் தேற்றிய உதாரணம் ஒன்றுகூட அகப்படவில்லை என்றும் முதல் அத்தியாயத்திலேயே செனெக்கா சொல்லிவிடுகிறார். சிதையில் கிடத்தப்பட்டவன் தலையைத் தூக்கி, சுற்றி நிற்கும் தன் மனிதர்களுக்கு ஆறுதல் சொல்வது போன்ற நிலை தன்னுடையது என்பது அவர் கணிப்பு.

இந்தக் கடிதத்தை அதன் உருக்கத்துக்காகவே பலரும் படித்துவந்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு ஒன்று அதில் இருக்கிறது. மனித மனம் துக்கத்தை எப்படிச் சுமக்கிறது, அந்தச் சுமை எந்த இடத்தில் கூடுகிறது, எந்த இடத்தில் இறக்கிவைக்க முடியும் என்று இந்தக் கடிதம் சில கணிப்புகளை வைத்திருக்கிறது. ஏறத்தாழ 1900 ஆண்டுகள் கழித்து மருத்துவர்களும் உளவியலாளர்களும் தங்கள் வழியில் அதே கேள்விகளை எடுத்துச் சோதித்தபோது, அந்தக் கணிப்புகளில் பல தேறியிருக்கின்றன.

முதலில் ஹெல்வியா எந்த நிலையில் இருந்தார் என்று பார்க்க வேண்டும். அவரைப் பெற்றெடுத்தபோதே அவருடைய தாய் இறந்துபோனார். சிற்றன்னையிடம் வளர்ந்தார். அன்பான மாமன் ஒருவர் வருகிறார் என்று வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த வேளையில் அவருடைய மரணச் செய்தி வந்தது. அந்தத் துக்கத்தின் முப்பது நாள் முடிவதற்குள் கணவர் போனார். பிள்ளைகள் மூவரில் ஒருவரும் பக்கத்தில் இல்லை. பிறகு பேரப்பிள்ளைகளின் சாவு. எந்த மடியிலிருந்து இறக்கிவிட்டாரோ அதே மடியில் மூன்று பேரக்குழந்தைகளின் எலும்புகளை வாங்கிக்கொண்டார். அவர்களில் செனெக்காவின் கைக்குழந்தையும் உண்டு. பாட்டியின் கையில், அவர் முத்தமிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தையின் மூச்சு நின்றது. அதை அடக்கம் செய்து இருபது நாள் ஆவதற்குள் மகனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற சேதி. கொடுமை என்னவென்றால், மகனைப் பார்த்துவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பிய இரண்டொரு நாளில்தான் அது நடந்தது. இன்னும் நாலு நாள் தங்கியிருந்தால் மகன் முகத்தையாவது பார்த்திருக்கலாம்.

இப்படிப்பட்ட தாய்க்கு என்ன எழுதுவது? செனெக்கா உடனே எழுதவில்லை. அதுவே அவருடைய முதல் மருந்து. வேண்டுமென்றே காலம் தாழ்த்தினேன், நோயிலும் காலத்துக்கு முந்திய மருந்தைப்போல் கெடுதல் வேறில்லை என்று காரணமும் சொல்கிறார். ஸ்டோயிக் பள்ளியின் மூன்றாம் தலைவரான கிரிஸிப்பஸ், துக்கம் வீங்கிக் கொதிக்கும்போது அதன்மேல் எந்த உபதேசத்தையும் பூசக் கூடாது என்று அதற்கு 250 ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தார். ரோமின் பெரும் பேச்சாளர் சிசெரோவுக்கு இந்த எச்சரிக்கை தெரியும். ஆனாலும் கி.மு. 45இல் மகள் துல்லியா பிரசவத்துக்குப் பின் இறந்தபோது, பொறுக்க மாட்டாமல் தனக்குத் தானே ஓர் ஆறுதல் நூல் எழுதினார். கிரிஸிப்பஸ் தடுத்ததைத் தான் செய்துவிட்டதாக அவரே பின்னால் குறித்தும் வைத்தார்.

இதை அறிவியல் எப்படிச் சோதித்தது என்பது தனிக்கதை. 1980களில் விபத்து, பேரிடர், துப்பாக்கிச்சூடு முதலியவற்றில் சிக்கியவர்களை ஓரிரு நாளுக்குள் உட்காரவைத்து, நடந்ததையும் பட்டதையும் ஒரே அமர்வில் கொட்டச் சொல்லும் முறை ஒன்று பரவியது. நல்லெண்ணத்தில் பிறந்த முறைதான். காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், வங்கி ஊழியர்கள் என்று பல நாடுகளில் கட்டாயமாகவே நடத்தினார்கள். 2002இல் காக்ரன் அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, அதனால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு சோதனையில், அந்த அமர்வுக்குப் போனவர்களிடம் ஓராண்டு கழித்துப் பாதிப்பு அதிகமாகவே இருந்தது. கட்டாய அமர்வுகளை நிறுத்துங்கள் என்று அந்த ஆய்வு பரிந்துரைத்தது. அந்த முதல் நாள்களில் பக்கத்தில் ஆள் வேண்டும், உணவு வேண்டும், தூக்கம் வேண்டும். தத்துவம் பிறகு வரலாம்.

ஆனால் காத்திருந்து எழுத உட்கார்ந்ததும் செனெக்கா செய்யும் காரியம் படிப்பவரைத் திடுக்கிட வைக்கும். மேலே நான் சொன்ன சாவுகள் அத்தனையையும், தாயிலிருந்து கைக்குழந்தை வரை, தாயின் கண்முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். மறந்துவிடு என்று சொல்லவில்லை. ஆறிய தழும்புகளையும் திறந்து காட்டுகிறேன், இத்தனையையும் தாண்டி வந்தவர் நீங்கள் என்கிறார். அவருடைய கணக்கு இதுதான்: துயரம் தெரியாமல் வாழ்ந்தவர் முதல் அடியிலேயே சாய்வார்; ஹெல்வியா அப்படிப்பட்டவர் இல்லை.

மாண்டவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் துக்கம் கிளறும் என்று நம் வீடுகளில் பெயரைக்கூட உச்சரிக்காமல் இருப்பதுண்டு. மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர், ஆண்டுக்கணக்கில் தேறாமல் கிடக்கும் துக்கத்துக்கென்று ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். மரணம் நேர்ந்த கதையைச் சிகிச்சையாளரின் துணையோடு திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அதில் ஒரு முக்கியமான பகுதி. நின்றுபோன வாழ்க்கைக் குறிக்கோள்களை மீண்டும் எடுக்கவைப்பது இன்னொன்று. 2005இல் வெளிவந்த சோதனையில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் அது 28 சதவீதம். செனெக்கா ஹெல்வியாவிடம் செய்தது சிகிச்சை அல்ல. என்றாலும் காலம் பார்த்துக் காத்திருப்பதும், காலம் வந்தபின் எதையும் மறைக்காமல் பேசுவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார்.

ஸ்டோயிக் என்றால் கல்நெஞ்சு என்ற எண்ணம் வெகுநாளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சைப்ரஸ் தீவின் கித்தியம் நகரிலிருந்து வந்த ஸீனோன் என்ற வெளியூர்க்காரர், கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஓவியங்கள் தீட்டிய ஒரு தாழ்வாரத்தில் நின்று கற்பித்ததிலிருந்து தொடங்கிய தத்துவம் அது. கண்ணீர் வரக் கூடாது என்று அது சொல்லவில்லை. ஆலஸ் கெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் ஒரு சம்பவத்தைப் பதிந்திருக்கிறார். அவர் ஏறி இத்தாலியை நோக்கிப் போன கப்பல் ஒன்று புயலில் சிக்கி ராமுழுதும் தத்தளித்தது. அதில் ஒரு ஸ்டோயிக் ஆசிரியரும் இருந்தார். இவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்தால், மற்றவர்களைப் போலவே அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. அலறல் மட்டும் இல்லை. கடல் அடங்கிய பிறகு கெல்லியஸ் காரணம் கேட்டார். ஆசிரியர் தன் பையிலிருந்து ஸ்டோயிக் தத்துவஞானி எபிக்டெட்டஸின் உரைகள் அடங்கிய சுவடியை எடுத்துக் கொடுத்தார். இடி முழக்கமோ கெட்ட செய்தியோ வந்து மோதும் கணத்தில் ஞானியும் ஒடுங்குவான், முகம் வெளுப்பான். மனம் அதற்கு இசைவு தருவதற்கு முன் உடம்பு செய்யும் வேலை அது, அதைத் தடுக்க முடியாது என்பது அதிலிருந்த விளக்கம்.

இந்த முதல் அதிர்வுக்குப் பிறகு மனம் ஒரு முடிவு எடுக்கிறது, துக்கம் நிலைகொள்வது அந்த முடிவில்தான் என்றார் கிரிஸிப்பஸ். அவர் அதை இரண்டாகப் பிரித்தார். எனக்குப் பெருங்கேடு நேர்ந்துவிட்டது என்பது ஒன்று. அதற்காக நான் இப்படி ஒடிந்து கிடப்பதுதான் முறை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைக் கண்டுபிடித்தது பெரிய நுட்பம். கணவனை இழந்த பெண் மூன்று மாதம் கழித்து ஏதோ பேச்சில் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறாள். அடுத்த நொடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சிரித்தது அவருக்குச் செய்த துரோகம் என்று அவளுக்குள் ஒரு குரல் சொல்கிறது. இழப்பு தரும் வலி வேறு, வலி குறைந்தால் அன்பு குறைந்ததாகிவிடும் என்ற அச்சம் வேறு. முதலாவதை யாராலும் எடுக்க முடியாது. இரண்டாவதைப் பேசி எடுக்கலாம் என்று ஸ்டோயிக்குகள் நம்பினார்கள்.

1950களில் ஆல்பர்ட் எல்லிஸும் 1960களில் ஆரன் பெக்கும் அமெரிக்காவில் தொடங்கிய அறிவாற்றல் சார்ந்த உளச்சிகிச்சை, இன்று மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உலகெங்கும் தரப்படுகிறது. அதன் தத்துவ வேர் ஸ்டோயிக்குகளிடம் இருப்பதாக இருவருமே வெளிப்படையாக எழுதினார்கள். ஒரு காட்சியை வேறு விதமாகப் பொருள்கொள்ளச் சொன்னால் மூளையில் என்ன நடக்கிறது என்று கெவின் ஆக்ஸ்னரும் ஜேம்ஸ் கிராஸும் உள்ளிட்ட குழு 2002இல் ஸ்கேன் கருவியில் பார்த்தது. வேதனை தரும் படத்துக்கு மாற்றுப் பொருள் கற்பித்துக்கொண்டபோது முன்நெற்றிப் பகுதியில் இயக்கம் கூடியது. அபாய உணர்வோடு தொடர்புடைய அமிக்டலாவில் குறைந்தது. முடிவை மாற்றினால் உணர்வும் மாறும் என்பதற்கு உடம்பிலேயே தடம் இருக்கிறது.

ஹெல்வியாவின் மனதில் இருந்த முடிவு என்ன? மகன் பாழ்பட்டுப்போனான் என்பது. ஆகவே கடிதத்தின் பெரும்பகுதி அதை அசைப்பதிலேயே போகிறது. இங்கேதான் இந்தத் துக்கத்தின் விசித்திரம் இருக்கிறது. இறந்தவர்கள் இறந்துவிட்டார்கள். செனெக்கா சாகவில்லை, இருக்கவும் இல்லை. இப்படி நிற்கும் இழப்புக்குக் குடும்பச் சிகிச்சையாளர் பவுலின் பாஸ் 1970களில் ஒரு தனி இடம் கொடுத்தார். வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து அவர் கண்டது: அழுது முடிக்கவும் முடியாமல், நம்பி இருக்கவும் முடியாமல், குடும்பமே ஓரிடத்தில் உறைந்துவிடுகிறது. சிறைப்பட்டவர், நாடு கடத்தப்பட்டவர், அகதியாகப் போனவர் ஆகியோரின் வீடுகளிலும் இதே உறைவு உண்டு. இதற்கு முற்றுப்புள்ளி தேடாதீர்கள், அவர் இங்கே இல்லை என்பதும் அவர் நமக்கு இருக்கிறார் என்பதும் ஒருசேர உண்மை என்று ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள் என்பது பாஸ் சொல்லும் வழி.

செனெக்கா தாயைப் பழக்கியதும் அந்த வழியில்தான். நாடுகடத்தல் என்பது இடம் மாறுவது, அவ்வளவுதான் என்று தொடங்குகிறார். ரோமாபுரியின் கூட்டத்தைப் பாருங்கள், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எந்த ஊர் என்று கேளுங்கள், பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்கள் என்கிறார். தான் இருக்கும் கோர்சிகாவையே எடுத்துக்கொள்கிறார். இந்தக் கரடுமுரடான பாறைத் தீவிலும் உள்ளூர்க்காரர்களைவிட வந்தேறிகள் அதிகம்: கிரேக்கர்கள் வந்தார்கள், லிகூரியர்கள் வந்தார்கள், ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள், பிறகு தளபதிகள் மாரியஸும் சுல்லாவும் ஆளுக்கு ஒரு ரோமானியக் குடியிருப்பை நிறுவினார்கள். ஸ்பானியர்களின் தலைமுண்டாசையும் காலணியையும் சில சொற்களையும் தீவு மக்களிடம் கண்டதைக்கூடக் குறிக்கிறார். வாடிக் கிடப்பவன் இதையெல்லாம் கவனிக்க மாட்டான். அந்த விவரங்களே தாய்க்கு ஒரு சேதியாகப் போயிருக்கும்.

(கோர்சிகாவின் வடமுனையில் லூரி என்ற ஊருக்கு மேலே ஒரு பாறையில் செனெக்கா கோபுரம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அது அவர் காலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் பிந்திக் கட்டியது. அவர் வாழ்ந்த இடம் அதுவல்ல.)

பிறகு வானம் வருகிறது. கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எந்த ஊருக்குத் துரத்தினாலும் இரண்டு பொருள்கள் கூடவே வரும்: எல்லாருக்கும் பொதுவான இயற்கை, நமக்கென்று உள்ள நற்குணம். சூரியனும் சந்திரனும் இங்கிருந்தும் தெரிகின்றன. கோள்கள் எப்போது உதிக்கின்றன, ஏன் ஒன்று விரைந்தும் மற்றொன்று மெதுவாகவும் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது. அதற்கு எந்த மண்ணில் கால் வைத்திருக்கிறேன் என்பது ஒரு பொருட்டா? வானத்துப் பொருள்களே ஓரிடத்தில் நிற்காமல் நகரும்போது, அதே பொருளால் ஆன மனித மனம் நகர்த்தப்பட்டதற்கு ஏன் வருந்த வேண்டும்? இப்படிப் போகிறது அவர் வாதம். கடிதத்தின் முடிவிலும் தான் எப்படி இருக்கிறேன் என்பதற்கு இதையே விடையாகத் தருகிறார். நிலத்தைப் பற்றி, கடலின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி, இடி மின்னல் காற்று பனி ஆலங்கட்டி பற்றி, அதற்கும் மேலே உள்ளவற்றைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருக்கிறேன், மனதுக்கு ஓய்வில்லை என்கிறார்.

அது வாய்ச்சொல்லாக நின்றுவிடவில்லை. முதுமையில் செனெக்கா இயற்கையைப் பற்றிய கேள்விகளைத் தொகுத்து ஒரு பெருநூல் எழுதினார். வால்நட்சத்திரம் என்பது காற்றுமண்டலத்தில் பற்றி எரியும் ஆவி என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருந்ததை அதில் மறுத்தார். அவையும் தமக்கென்று பாதை உள்ள விண்பொருள்கள், அந்தப் பாதையை என்றாவது ஒருவர் கண்டு சொல்வார், இவ்வளவு தெளிவானது அவர்களுக்குத் தெரியாமல் போயிற்றே என்று பின்னால் வருபவர்கள் வியப்பார்கள் என்று எழுதினார். 1577இல் தோன்றிய வால்நட்சத்திரம் நிலவுக்கும் அப்பால் இருந்ததை டைகோ பிராஹே அளந்து காட்டினார். 1705இல் எட்மண்ட் ஹாலி ஒரு வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட்டு, அது திரும்பிவரும் ஆண்டையும் சொன்னார். 1758 டிசம்பரில் அது மறுபடி கண்ணில் பட்டது. 

வானம் மகனுக்கு. தாய்க்கு என்ன? செனெக்கா இரண்டு வழிகள் காட்டுகிறார். ஒன்று படிப்பு. பயணம் போ, கணக்குவழக்குகளில் மூழ்கு என்று சிலர் சொல்வார்கள்; அவை துக்கத்தை ஏய்க்கும், தீர்க்காது. தத்துவம் படியுங்கள் என்கிறார். இங்கே ஒரு மனத்தாங்கலும் வெளிப்படுகிறது. ஹெல்வியாவுக்கு நல்ல அறிவு, கற்கும் வேகம் இரண்டும் இருந்தன. ஆனால் பெண்கள் ஆழப் படிப்பதை அந்தக் காலத்துக் கணவர் விரும்பவில்லை. மேலோட்டமாகத் தொட்டதோடு நிறுத்திவிட்டார். அப்பா முன்னோர் வழக்கத்துக்கு அவ்வளவு கட்டுப்படாமல் இருந்திருக்கக் கூடாதா என்று மகன் ஏங்குகிறார். தந்தைமேல் பெருமதிப்பு வைத்திருந்த ஒரு ரோமானிய மகன் இதை எழுத்தில் வைத்தது சாதாரணம் அல்ல. வேறு இடங்களில் பெண்கள் துக்கத்துக்கு எளிதில் பலியாவார்கள் என்ற பழைய பல்லவியை அவரும் பாடுகிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ரோமானிய முன்னோர் விதவைக்குப் பத்து மாதம் துக்கம் காக்க இடம் கொடுத்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார்: தடுத்தால் நிற்காது, எல்லையில்லாமல் விட்டாலும் ஆகாது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், அன்றாட வாழ்வையே முடக்கும் துக்கம் ஆறு மாதத்துக்கு மேல் நீண்டால் மருத்துவ உதவி தேவைப்படும் நிலையாகக் கொள்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022 முதல் அதற்கு ஓராண்டு எல்லை வைத்திருக்கிறது.

இன்னொரு வழி, இருக்கிற மனிதர்கள். கடிதத்தின் உயிர் இங்கே இருக்கிறது என்பேன். தத்துவ வாதங்களையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு, செனெக்கா வீட்டு ஆள்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். என் சகோதரர்களில் மூத்தவன் பதவியில் உயர்ந்திருக்கிறான், இளையவன் பதவியே வேண்டாம் என்று அமைதியாக இருக்கிறான். ஒருவனுடைய அந்தஸ்தையும் மற்றவனுடைய ஓய்வையும் இருவருடைய அன்பையும் அனுபவியுங்கள். (அந்த மூத்தவர்தான் பின்னாளில் கொரிந்துவில் பவுலின் வழக்கை விசாரிக்க மறுத்ததாக அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்லும் கல்லியோன்.) உங்கள் குட்டிப் பேரன் மார்க்கஸைப் பாருங்கள்: அவன் கொஞ்சலில் எந்தக் கண்ணீர் நிற்காது, அவன் மழலைக்குக் காது கொடுக்காதவர் யார்? தாயை இழந்த பேத்தி நோவாதில்லாவை உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு வளரட்டும், உங்களைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்வாள். அந்தப் பொறுப்பே உங்களுக்கு மருந்தாகும். உங்கள் தந்தை இன்னும் இருக்கிறார், அவருக்காகவாவது உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தாயின் சகோதரி. கைக்குழந்தையாக இருந்த செனெக்காவை ரோமுக்குத் தூக்கி வந்தவர், நெடுநாள் நோயில் கிடந்தபோது தாயாக இருந்து காப்பாற்றியவர். அவர் கணவர் எகிப்தை 16 ஆண்டுகள் ஆண்ட ஆளுநர். பதவி முடிந்து 31ஆம் ஆண்டில் திரும்பும் வழியில், நடுக்கடலிலேயே கணவர் இறந்தார். கப்பல் புயலில் சிக்கியது. தன் உயிருக்கே உறுதியில்லாத நேரத்தில், இறந்த கணவரின் உடலை விடாமல் காத்துக் கரை சேர்த்தார் அந்த அம்மாள். அதை நேரில் பார்த்தவன் நான் என்கிறார் செனெக்கா. இந்தச் சகோதரியின் மடியில் போய் அழுங்கள் என்பதே தாய்க்கு அவர் சொல்லும் புத்தி. அழாதீர்கள் என்று சொல்ல வந்தவர், எங்கே போய் அழலாம் என்று இடம் காட்டுகிறார்.

1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் முன்வைத்த கோட்பாடு இன்று துக்கம் பற்றிய ஆய்வில் முக்கியமான இடம் பெற்றிருக்கிறது. தேறுகிறவர்கள் ஓயாமல் அழுவதும் இல்லை, ஒரேயடியாக மறப்பதும் இல்லை. ஒரு நேரம் இழப்பைப் பார்க்கிறார்கள். மறுநேரம் அரிசி பருப்பு, குழந்தையின் பள்ளிக்கூடம், புதிய பொறுப்பு என்று வாழ்க்கையைப் பார்க்கிறார்கள். இந்தப் போக்குவரத்துதான் ஆற்றுகிறது. பேத்தியை வளர்க்க ஒரு கை வேண்டும் என்று ஹெல்வியாவுக்கு நினைவூட்டியது அந்த மறுநேரத்தை உண்டாக்கத்தான். தீராத ஏக்கத்துக்கு மூளையிலும் அடையாளம் உண்டு. மேரி பிரான்சிஸ் ஓ'கானரின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோயில் தாயையோ சகோதரியையோ இழந்த பெண்களிடம் அவர்களின் படத்தைக் காட்டினார்கள். துக்கம் தேறாமல் நின்றுவிட்டவர்களின் மூளையில், விரும்பியதை நாடித் தேடும்போது இயங்கும் பகுதி விழித்துக்கொண்டது. போனவர் வந்துவிடுவார் என்று அந்தப் பகுதி இன்னும் எதிர்பார்க்கிறது போலும். அந்த எதிர்பார்ப்புக்கு வேறு முகங்களைக் காட்டுவது வீண்வேலை இல்லை.

எல்லாம் சொன்ன செனெக்கா தான் சொன்னபடி இருந்தாரா? ஓரிரு ஆண்டில், கிளாடியஸிடம் செல்வாக்குள்ள பாலிபியஸ் என்பவரின் சகோதரர் இறந்தபோது, அவருக்கும் ஓர் ஆறுதல் நூல் எழுதி அனுப்பினார். அதில் பேரரசரைப் புகழ்ந்து தள்ளி, தன்னை ஊருக்கு அழைத்துக்கொள்ளுமாறு மன்றாடினார். படிக்கவே கூச்சமாக இருக்கும். தாய்க்கு எழுதியது அதனால் பொய்யாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஊரை விரும்புவதை ஸ்டோயிக்குகள் குற்றமாகச் சொன்னதில்லை. மன்றாடிய விதத்தில்தான் அவர் சறுக்கினார். தாயிடம் தன் வேதனையில் பாதியை மறைத்தார் என்பதும் தெரிகிறது. எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்வான். இருபது ஆண்டுகளுக்குப் பின், நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதத்தில், தன்னைவிட இளையவரான செரெனஸ் இறந்தபோது தான் அளவில்லாமல் அழுததை ஒப்புக்கொள்கிறார். துக்கத்துக்குத் தோற்றவர்களின் வரிசையில் தன்னையும் நிறுத்துகிறார். இளையவர் முந்திக்கொள்வார் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்காததே காரணம் என்கிறார். இந்த ஒப்புதலுக்குப் பிறகு அவர் சொல்லும் ஆறுதலை நான் கூடுதலாக நம்புகிறேன்.

49இல் அவரைத் திரும்ப அழைத்தார்கள். பின்னாளில் பேரரசனாகப்போகும் சிறுவன் நீரோவுக்கு ஆசிரியர் வேலை. மார்க்கஸுக்காகக் கடிதத்தில் அவர் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார்: விதியின் கொடுமையெல்லாம் என்னோடு தீரட்டும், இவன் எங்களுக்குப் பின்னும் வாழட்டும் என்று. அந்தச் சிறுவன்தான் பிற்காலத்துக் கவிஞன் லூகன் என்பது ஆய்வாளர்கள் பலருடைய முடிவு. 65இல் நீரோவுக்கு எதிரான சதி அம்பலமானபோது, பேரரசன் ஆணைப்படி செனெக்காவும் லூகனும் அடுத்தடுத்து உயிரை விட்டார்கள். லூகனுக்கு 25 வயது.

கடல் கடந்து பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மாரும், வீட்டில் சாவு விழுந்தும் ஊர் போக முடியாமல் அயல்நாட்டில் கிடப்பவர்களும் இந்தக் கடிதத்தை ஒருமுறை தேடிப் படியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. துக்கம் பச்சையாக இருந்தால் இப்போது வேண்டாம், எடுத்து வையுங்கள். பிறகு எடுக்கும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வீட்டு மனிதர்களின் பெயர்கள் வரும் 18, 19ஆம் அத்தியாயங்களை முதலில் படியுங்கள், வாதங்கள் பிறகு வரட்டும்.